எடுக்க வராத சட்டைக்கு ஒரு கடை: மாணவர் குறும்படத்தில் லொக்கேஷனும் செற்றும்

திரைக்கதைத் தாளில் ஒரு காட்சி பெரும்பாலும் மூன்று சொற்களில் தொடங்கிவிடுகிறது: "தையற்கடை, உள்ளே, மாலை." எழுதியவருக்கு அது அரை நிமிட வேலை. அதையே கமெராவின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டியவருக்கு அந்த மூன்று சொற்களும் மூன்று கேள்விகளாக விரிகின்றன. தையற்கடை என்றால் யாருடைய கடை, எந்த ஆண்டுக் கடை? உள்ளே என்றால் திறந்த கதவின் வழியாக வெளியே என்ன தெரியும்? மாலை என்றால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? இவற்றுக்கு விடை தேடி, அந்த விடையை மரத்தாலும் துணியாலும் சாயத்தாலும் கண்ணுக்குத் தெரியச் செய்வதுதான் கலை இயக்கம். மாணவர் குறும்படங்களில் கமெரா வாடகைக்கும் எடிட்டிங்குக்கும் வாரக்கணக்கில் திட்டமிடுகிறவர்கள், இந்த வேலைக்குப் படப்பிடிப்புக்கு முந்திய நாள் பின்னேரத்தை மட்டுமே ஒதுக்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு கற்பனைக் குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு 1997. திருகோணமலை நகரின் ஒரு குறுக்குத் தெருவில் வயதான தையற்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். தைக்கக் கொடுத்தவர் எடுக்க வராத ஒரு நீலச் சட்டை அங்கே மாதக்கணக்கில் தொங்குகிறது. ஒருநாள் ஒரு சிறுமி, மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய துண்டுச் சீட்டொன்றுடன் வாசலில் வந்து நிற்கிறாள். படம் பத்து நிமிடம். ஓர் அறை, ஒரு தெரு, கடற்கரையில் ஒரேயொரு ஷொட்.

ஏற்கெனவே இருக்கும் இடத்தைப் படத்துக்கு ஏற்றவாறு பயன்படுத்தினால் அது லொக்கேஷன். இல்லாத இடத்தைக் கட்டியெழுப்பினால் அது செற். சினிமா வரலாறு இந்த இரண்டுக்கும் இடையில் மாறிமாறி நடந்திருக்கிறது. 1956இல் சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது முதலாவது கதைப்படத்தை ஸ்டூடியோவை விட்டு வெளியே கொண்டுசென்று எடுத்தது இலங்கைச் சினிமாவின் திருப்பமாகக் கருதப்படுகிறது. 1977இல் பாரதிராஜாவின் முதற்படம் தமிழ்ச் சினிமாவைக் கிராமத்துக்கே அழைத்துச் சென்றது. இதற்கு எதிர்த்திசையில், 1987இல் வெளியான 'நாயகன்' படத்துக்காக மும்பையின் தாராவியைச் சென்னையில் செற்றாக எழுப்பிய தோட்டா தரணிக்குச் சிறந்த கலை இயக்கத்துக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. ஆகவே உண்மையான இடம் உயர்ந்தது, கட்டிய இடம் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. மாணவர் படம் எப்போதும் நடுவில்தான் நிற்கும்: திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளியில் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தை, அதற்குள் நாம் கொண்டுபோய் நிறுத்தும் இரண்டு பலகைச் சுவர்கள்.

வேலை பென்சிலில் தொடங்குகிறது. திரைக்கதையை வாசித்துக்கொண்டே போய், இடம், அறையில் இருக்கும் பொருள், பாத்திரத்தின் கை படும் பொருள் என்று வேறுவேறாகக் கோடிட வேண்டும். தையல் மெஷினும் வெட்டும் மேசையும் அறையின் பொருள்கள். கத்தரிக்கோலும் அளவு நாடாவும் துண்டுச் சீட்டும் கை படும் பொருள்கள். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் படப்பிடிப்பு நடுவழியில் நின்றுவிடும். சிறுமி சீட்டை உள்ளங்கையில் கசக்குகிறாள் என்று எழுதியிருந்தால், ஒரே சீட்டை வைத்துக்கொண்டு அதே ஷொட்டை மறுபடி, இரண்டாவது டேக்காக எடுக்க இயலாது. ஒரே மாதிரி மடித்து, ஒரே மாதிரிப் பழசாக்கிய ஆறு சீட்டுகளாவது வேண்டும். நீலச் சட்டையும் இரண்டு வேண்டும்.

இடம் பார்க்கப் போகும்போது

லொக்கேஷன் பார்ப்பது என்பது கைப்பேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதன்று. காட்சி எந்த மணிக்கு எடுக்கப்படுமோ அந்த மணிக்கே அங்கே போய் இருக்க வேண்டும். திருகோணமலையில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் இங்கே கடல் இரண்டு பக்கம். டச்சுக் குடாவிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. மாலையில் அது முதுகுப் பக்கம், ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும். "கடலில் சூரியன் மறைகிறது" என்று எழுதிவிட்டு டச்சுக் குடாவுக்குப் போய் நின்று ஏமாந்த குழுக்கள் உண்டு. நாம் பார்த்து வளர்ந்த படங்களின் கடல் பெரும்பாலும் வேறு கரையின் கடல் என்பதால் வரும் பிழை இது. நீருக்கு மேலே சூரியன் இறங்குவதுதான் வேண்டுமென்றால், உட்துறைமுகக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். அங்கே தெரிவது திறந்த கடலன்று, குன்றுகள் சூழ்ந்த துறைமுக நீர். கதைக்கு அது சரிவருமா என்பதை எழுதியவர் தீர்மானிக்கட்டும்.

ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் ஊர் என்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே விழுகிறது. அந்த வெயிலில் நிற்கும் முகத்தில் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். எந்த மேக்கப்பும் அதைக் காப்பாற்றாது. வெளிக்காட்சிகளைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வைத்துக்கொண்டு, நடுப்பகலை உள்ளறைக்குக் கொடுப்பதே புத்தி. நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. பலகைச் சுவரைத் தள்ளிவிடவும் மைக்கில் இரைச்சலாக ஏறவும் அந்தக் காற்றுக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணால் பார்த்த பிறகு, அதே இடத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், காகம், தொலைவில் கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசலின் பாங்கொலி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் முச்சக்கரவண்டி ஆகிய எல்லாவற்றையும் நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் சிலவற்றைத் தவிர்க்கலாம், சிலவற்றுக்கு இடைவேளை விடலாம். பாண் வண்டிக்காரரிடம் ஒரு நாளைக்கு மட்டும் பக்கத்துத் தெருவால் போகச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினால் அதன் மீது வண்டிச் சாவியை வைத்துவிடுங்கள். சாவியை எடுக்கும்போதுதான் பெட்டியைத் திரும்பப் போட வேண்டுமே என்ற நினைவு வரும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் மீன் பழுதாகி, அடுத்த மாணவர் குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. புறப்படுமுன் ஒருவரும் பேசாமல் அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்தால், எடிட்டிங்கில் வசனங்களின் இடைவெளியை ஒட்ட அது உதவும்.

மின்சாரத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 13 அம்பியர் பிளக் ஒன்றில் ஏறத்தாழ 2,990 வாட் வரை இழுக்கலாம். 1,000 வாட் ஹலோஜன் இரண்டும் ஒரு மின் அயன்பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் ஏறினால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். வயர் பழையதாக இருந்தால் அதற்கு முன்பே சூடேறும். வீட்டு விளக்குகள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை துடிப்பதால், கமெராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு வினாடியில் வைப்பது நல்லது. அறுபதில் ஒன்றில் வைத்தால் சுவரில் கருமையான பட்டைகள் ஓடக்கூடும். நம் தையற்காரருக்குச் சிரட்டைக்கரி போடும் பழைய அயன்பெட்டியைத் தேடிக் கொடுத்தால் மின்சுமையும் குறையும், 1997உம் தானாக வந்துவிடும்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீடு, கடை என்றால் உரிமையாளருடன் தேதி, நேரம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அயலவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதையும், துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படையிடம் இருப்பதையும் மறந்து கமெராவைத் தூக்கக்கூடாது. கன்னியா வெந்நீரூற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்தையும், புறாத்தீவுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தையும், ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையையும் முன்கூட்டியே நாட வேண்டும். என்னைக் கேட்டால், முதற்படத்தில் கோணேசர் மலையை விட்டுவிடுவது நல்லது. அந்தப் பாறையின் அழகு அத்தனை பெரியது. அது சட்டகத்துக்குள், அதாவது கமெரா காட்டும் எல்லைக்குள், வந்துவிட்டால் சிறுமியையும் சீட்டையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

அளவு நாடா செய்யும் வேலை

இனி, தொடக்கநிலையில் இருப்பவர்கள் கணக்கென்று பயந்து தாண்டிப்போகும் பகுதி. கமெரா எவ்வளவு அகலத்தைப் பார்க்கும் என்பது தெரியாமல் செற் போட்டால், தெரியாத சுவருக்குச் சாயம் பூசி, தெரிகிற மூலையை வெறுமையாக விட்டுவிடுவோம். கணக்கு மிக எளிது. கமெராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் மில்லிமீற்றரில் எழுதியிருக்கும் எண்) வகுத்து, பொருளுக்கும் கமெராவுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கமெராவின் சென்சர் அகலம் 36 மில்லிமீற்றர். 50 மில்லிமீற்றர் லென்ஸுடன் சுவரிலிருந்து 10 அடி தள்ளி நின்றால், சுவரில் தெரியும் அகலம் 7.2 அடி. பதினாறுக்கு ஒன்பது என்ற சட்டகத்தில் உயரம் ஏறத்தாழ 4 அடி மட்டுமே. கடைகளில் கிடைக்கும் ஒரு பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி. அதாவது, ஒரேயொரு தாளைப் படுக்கையாக வைத்தாலே அந்தச் சட்டகம் நிறைந்துவிடும். கூரையைப் பற்றிக் கவலையே தேவையில்லை.

அதே இடத்தில் கைப்பேசியின் சாதாரண லென்ஸால் பார்த்தால் 12 முதல் 14 அடி வரை விரிந்துவிடும். விறாந்தையின் இரண்டு ஓரமும், பக்கத்து வீட்டு நீர்த்தாங்கியும், செருப்புக் குவியலும் உள்ளே வந்துவிடும். கைப்பேசியில் எடுப்பவர்கள் இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாறினால் அகலம் மீண்டும் 7 அடிக்கு அருகில் இறங்கும். அறையை அளந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று கணக்குத் தாளில் தரைப்படம் வரைந்து, கமெரா நிற்கும் புள்ளியிலிருந்து இரண்டு கோடுகளை விரித்து வரைந்தால், எது தெரியும், எது தெரியாது என்பது தாளிலேயே பிடிபட்டுவிடும். அந்தக் கோடுகளுக்கு வெளியே உள்ள இடம்தான் ஒலிப்பதிவாளர் உட்காரும் இடம், விளக்குத் தாங்கி நிற்கும் இடம், தேநீர்க் கெண்டி இருக்கும் இடம்.

நடிகரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தும் பழக்கமும் இங்கேயே நீங்கிவிடும். சுவருக்கும் முதுகுக்கும் இடையில் ஐந்து ஆறு அடி இருந்தால் நிழல் சுவரில் விழாது, பின்னணி சற்று மங்கும், சிறிய விறாந்தையும் ஆழமான கடையாகத் தோன்றும்.

எடுத்து வெளியே வைப்பவை

செற் அலங்கரிப்பது என்றதும் எல்லோரும் பொருள் சேர்க்கத் தொடங்குகிறார்கள். வீட்டில் பழையதாக இருப்பவை அனைத்தும் வந்து குவிகின்றன: அரிக்கன் லாம்பு, பித்தளைச் செம்பு, கிராமபோன் போல ஏதோ ஒன்று. பத்து நிமிடத்தில் தையற்கடை அருங்காட்சியகமாகிவிடுகிறது. வேலை செய்யும் தையற்காரர் ஒருவரின் கடையில் அழகுக்காக வைத்த பொருள் எத்தனை இருக்கும்? ஆகவே முதலில் செய்ய வேண்டியது வெளியேற்றம். விறாந்தையில் இருக்கும் பிளாஸ்டிக் கதிரை, வைஃபை பெட்டி, எல்.ஈ.டி. குமிழ், சுவரில் ஒட்டிய பிறந்தநாள் எழுத்துகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஒருமுறை இப்படியொரு கடை போட்டபோது வீட்டுக்கார அம்மா, "தம்பி, எதை வேணுமெண்டாலும் எடுங்க, சாமிப்படத்தை மட்டும் கழற்ற வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் படம் அங்கேயே இருந்தது. அதைச் சுற்றித்தான் அந்தக் கடை நம்பும்படியாக அமைந்தது. வெறுமையான சுவரில் சாமிப்படம், அதற்குக் கீழே தீக்குச்சி உரசிய கறுப்புக் கோடுகள். யாரும் அதைத் திட்டமிடவில்லை.

பிறகு சேர்க்கலாம், ஆனால் பாத்திரத்தின் கை எங்கெங்கே போகும் என்பதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கால் மெஷினின் மிதிபலகையில் வலது கால் படும் இடம் மட்டும் தேய்ந்து மினுங்க வேண்டும். மேசையின் ஓரத்தில் கத்தரிக்கோல் பட்ட கீறல்கள், சுவரில் பென்சிலால் எழுதிய அளவுகள், தரையில் மேசையைச் சுற்றி மட்டும் நூல்துண்டும் வெட்டுத்துணியும். அறை முழுவதும் சமமாகத் தூவினால் அது குப்பை. வேலை நடந்த இடத்தில் மட்டும் கிடந்தால் அது தொழில். நீலச் சட்டை படத்தின் உயிர் என்பதால், சட்டகத்தில் வேறெதற்கும் நீலம் கொடுக்கக்கூடாது. சுவரை மங்கிய மஞ்சளாகவும், தொங்கும் மற்றத் துணிகளைப் பழுப்பாகவும் காவியாகவும் வைத்தால், எவரும் சுட்டிக்காட்டாமலேயே கண் சட்டையில் போய் நிற்கும்.

காலம் காட்டுவது நுணுக்கமான வேலை. 1997 என்றால் சுவர்க் கடிகாரத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. எனவே இன்று மாலை 5.30க்கு வாசலில் விழும் வெயில், அந்தக் கடிகாரத்தில் 6.00 மணி வெயில். இதைப் பார்வையாளர் எல்லோரும் கவனிப்பார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் "புதிய நேரமா பழைய நேரமா" என்று கேட்டுக்கேட்டு வாழ்ந்தவர் ஒருவர் கவனித்தால் போதும். நாட்காட்டிக்கு ஓர் இலகுவான வழி உண்டு: 1997உம் 2025உம் புதன்கிழமையில் தொடங்கிய சாதாரண ஆண்டுகள், ஆகையால் நாளும் கிழமையும் அப்படியே பொருந்தும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்கள் மட்டும் மாறும். தாள் கமெராவுக்கு அருகில் வராவிட்டால் ஆண்டைத் திருத்தி ஒட்டினால் போதும். காசு கைமாறும் காட்சி இருந்தால் 2011இல் வெளிவந்த தாள்கள் கண்ணில் படக்கூடாது. தெரு ஷொட்டில் ஆங்கில எழுத்துடன் தொடங்கும் வாகன இலக்கத்தகடு வந்துவிட்டால் 2000 அல்லது அதற்குப் பிந்திய ஆண்டு என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

சீட்டையும் துணியையும் பழசாக்கத் தேயிலைச் சாயம் போதும். கடுஞ்சாயத் தேநீரை ஆறவைத்து, கடதாசியை நனைத்து, வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்தினால் ஓரங்கள் மட்டும் கருமையாகும். எழுத்தைச் சாயத்துக்கு முன் எழுதினால் மை கலங்கும். வேண்டுமென்றால் அதுவும் ஓர் அழகுதான். மரத்தில் கை படும் மூலைகளைச் சாண்ட் பேப்பரால் உரசி, அந்த இடத்தில் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் பல வருடக் கைப்பிடி தெரியும்.

விறாந்தையின் திறந்த பக்கத்தை மறைக்கச் சுவர் கட்டுவதானால், பிளைவுட் தாளின் பின்புறம் இரண்டுக்கு ஒன்று அங்குலச் சட்டங்களை அடித்து, முக்கோணமாக ஒரு முண்டு கொடுத்து, முண்டின் அடியில் மணல்மூட்டை வைக்க வேண்டும். வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. இரண்டு தாள்களை மூலையில் சேர்த்து நிறுத்தினால் ஒரு கடையின் மூலை கிடைத்துவிடும். மூன்றாவது சுவர் வேண்டாம். அங்கேதான் கமெரா நிற்கப்போகிறது. இணைப்புக் கோட்டை மறைக்க அதன் மேல் ஓர் அளவு நாடாவையோ துணிச் சுருளையோ தொங்கவிடலாம்.

படப்பிடிப்பன்று கலைக்குழுவில் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் கமெராவின் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஷொட் முடிந்ததும் மேசையைப் படம் பிடித்து, கத்தரிக்கோல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, கரி அயன்பெட்டி திறந்திருந்ததா என்று குறிப்பதே அவருடைய வேலை. தரையில் மெஷினின் நான்கு கால்களுக்கும் ஒட்டுநாடா ஒட்டிவைத்தால், நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்பும். திருகோணமலைக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நகருக்குள் புள்ளிமான்கள் தம்பாட்டில் திரிகின்றன. தெருக் காட்சிக்காக ஒரு குழு விடியற்காலையில் வாசலில் வாழையும் மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது. திரும்பி வந்தபோது வாழையிலை நரம்பு மட்டும் தொங்கியது. ஒரு மான் மிச்சத் தோரணத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. முதல் ஷொட் முந்திய நாளே எடுத்தாகிவிட்டதால், அதே போன்ற இலை தேடிச் சந்தைக்கு ஓட வேண்டியிருந்தது. தின்னக்கூடிய எதையும் காவலின்றி வெளியே விடாதீர்கள்.

கடைசி ஷொட் முடிந்ததும் எல்லோரும் கமெராவின் திரையைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் கலைக்குழுவின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. காலையில் பிடித்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கதிரையை அதே மூலையிலும் பிறந்தநாள் எழுத்துகளை அதே வரிசையிலும் திரும்ப வைக்க வேண்டும். ஒட்டுநாடாவை மெதுவாக உரித்து, பசை நின்ற இடத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். சுவரில் எழுதிய பென்சில் அளவுகளை அழிக்கப்போனபோது, அவற்றில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடச் சொன்னார் அந்தச் சாமிப்படத்து வீட்டுக்கார அம்மா. தன் பேரனுக்கு அடுத்த தீபாவளிக்குச் சட்டை தைக்க அந்த அளவு சரியாக இருக்குமாம்.